ஆவி அடங்கும் வரை

சுங்கை சிப்புட்டில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை நடக்கும் மாலைகளில் வாஃபிள் கடை முன்னால் எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். கடைக்காரர் அச்சைத் திறந்து, பொன்னிறமாக வெந்ததை எடுத்து, மார்ஜரினும் பீனட் பட்டரும் தடவி, இரண்டாக மடித்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார். அங்கேயே நின்று கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்கும். அதே பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பாருங்கள், நனைந்த துணி மாதிரித் துவண்டு கிடக்கும். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

என் தங்கை மகளுக்கு வாஃபிள் என்றால் உயிர். போன பள்ளி விடுமுறையில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் மின்சார அச்சு ஒன்று வாங்கிவிட்டாள். ஒரு வாரம் முழுக்கச் சுட்டாள். வந்ததெல்லாம் மேலே வெளிறி, உள்ளே பிசுபிசுத்து, கையில் தூக்கினால் மடங்கியது. "பெரியம்மா, மேல மொறுமொறுன்னும் உள்ள பஞ்சு மாதிரியும் ஏன் வர மாட்டேங்குது? போட்டிருந்த அளவுப்படிதான் செஞ்சேன்" என்று கேட்டாள். நல்ல கேள்வி. செய்முறைகளில் அளவு இருக்கும், காரணம் பெரும்பாலும் இருக்காது. காரணம் தெரிந்துவிட்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளித்துவிடலாம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எல்லாம் தண்ணீரில் இருக்கிறது. பால், முட்டை, மாவு எல்லாவற்றையும் கலந்த பிறகு எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மாவின் மேல்பக்கத்தில் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அச்சு 200 டிகிரியில் காய்ந்துகொண்டிருந்தாலும், வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். ஆனால் சீனியும் புரதமும் சேர்ந்து சிவந்து மணம் கொடுக்கிற மாற்றம் இருக்கிறதே, மெயிலார்டு வினை என்பார்கள், அது வேகம் பிடிக்க 140 டிகிரியாவது வேண்டும். ஆக, மேல்தோல் முதலில் காய வேண்டும். காய்ந்தால்தான் சிவக்கும், மொறுமொறுப்பும் அப்போதுதான் வரும். வெளிறிய வாஃபிள் என்றால் ஈரம் போகாத வாஃபிள் என்றுதான் அர்த்தம்.

அதே தண்ணீர்தான் உள்ளே பஞ்சு போல உப்பவும் வைக்கிறது. ஆவியாகும்போது அது 1,600 மடங்குக்கு மேல் விரியும். மாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளுக்குள் இந்த ஆவி புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. அப்படி உப்பிய நிலையில் முட்டையும் மாவும் வெந்து இறுகிவிட்டால் பஞ்சு கிடைத்தது. உள்ளே ஆவி வேலை செய்ய வேண்டும், வெளியே அது முழுசாக ஓடிவிட வேண்டும். வாஃபிள் சுடுவதில் இருக்கிற சங்கடம் இந்த ஒன்றுதான்.

ஈரத்தை விரட்ட மேடு பள்ளம் போடுவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் போடும் வேலையில் இருந்தார். வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டுத் தட்டுகளில் உறைய வைப்பார்கள். மறுநாள் அந்தக் கட்டியை வழுவழுப்பான உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி, கடைசியில் வரி வெட்டிய உருளையில் விடுவார்கள். ஷீட் முழுக்க வரி வரியாக விழும். அழகுக்காகப் போடுகிறார்கள் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். "வரி இருந்தாத்தாம்மா சீக்கிரம் காயும்" என்றார் அப்பா. மேடும் பள்ளமும் விழுந்தால் மேற்பரப்பு கூடும், காற்றும் சூடும் படுகிற இடம் கூடும், ஈரம் வெளியேற வழி கூடும். வாஃபிளில் இருக்கும் கட்டங்கள் செய்வதும் இதுவேதான். அதே மாவைத் தட்டையாகத் தோசைக்கல்லில் ஊற்றினால் சூடான இரும்பு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் படும். அச்சில் இரண்டு பக்கமும், ஒவ்வொரு கட்டத்தின் சுவரிலும் படுகிறது. சாஸ் தேங்கி நிற்பதற்காகத்தான் குழி என்று நினைப்பவர்கள் உண்டு. குழியின் பெரிய உபகாரம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்த அச்சும் நமக்கு அந்நியமானதில்லை. சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கரி அடுப்பில் கூவே கப்பிட் சுடுவார். நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தகடுகள், நடுவில் ஒரு கரண்டி மாவு, மூடி, திருப்பி, திறந்தால் காகிதம் மாதிரி மெல்லிய பலகாரம். கப்பிட் என்றால் மலாயில் இரண்டுக்கு நடுவில் இடுக்குவது. ஐரோப்பாவில் மத்திய காலத்து வாஃபிள் அச்சும் இதே அமைப்புதான். வாஃபிள் என்ற பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் குடியேறிகள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்தைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட், அடுப்பின் மேல் வைத்தபடியே திருப்பக்கூடிய அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24ஆம் தேதி காப்புரிமை பெற்றார். அந்த நாளை இன்றும் அங்கே வாஃபிள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

தங்கை மகள் கேட்ட மாதிரி வாஃபிள் டைனரில் கிடைக்கும். டைனர் என்பது அமெரிக்காவின் சாலையோரச் சாப்பாட்டுக்கடை. அதன் மூதாதை ஒரு குதிரை வண்டி. 1872இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் இரவு வேலைக்காரர்களுக்கு வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்றதிலிருந்து அந்த வழி தொடங்கியது என்பார்கள். வாஃபிளையே பெயரில் வைத்துக்கொண்ட வாஃபிள் ஹவுஸ் 1955இல் ஜார்ஜியா மாநிலத்தில் திறந்தது. நம் நாட்டுக்கு அந்த ருசியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது 1963இல் கோலாலம்பூருக்கு வந்த ஏ அண்ட் டபிள்யூ என்ற அமெரிக்க உணவகம். ஐஸ்கிரீம் வைத்த அவர்களுடைய வாஃபிளையும் ரூட் பீர் குளிர்பானத்தையும் பற்றிப் பேச்செடுத்தால், எங்கள் வயதுக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

டைனர் வாஃபிளுக்கு ஒரு தனி வாசனை உண்டு. பாலும் தானியமும் லேசாக வறுத்தது போன்ற ஒரு இனிப்பு மணம். வெனிலாவை எவ்வளவு ஊற்றினாலும் அது வராது. அது மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் மணம். அங்கே பல கடைகள் மால்ட் கலந்த மாவைத்தான் வாங்குகின்றன. கார்பன்ஸ் கோல்டன் மால்ட்டட் என்ற மாவு 1937 முதல் விற்பனையில் இருக்கிறது. அதைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் அலமாரியில் ஹார்லிக்ஸ் போத்தல் இருந்தால் போதும். ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹார்லிக் சகோதரர்கள் 1873இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில் அது. பார்லி மால்ட், கோதுமை, பால் மூன்றும்தான் அதன் அடிப்படை. எங்கள் லயத்தில் காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் கலக்கிக் கொடுத்த ஹார்லிக்ஸ், அமெரிக்காக்காரன் வாஃபிளில் தேடுகிற அதே ருசி என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மால்ட்டில் இருக்கும் சர்க்கரையும் பால்பொடியில் இருக்கும் புரதமும் சிவப்பதற்கும் கை கொடுக்கும். மைலோவிலும் மால்ட் உண்டு, ஆனால் கோக்கோ அதை மூடிவிடும். இந்த வேலைக்கு ஹார்லிக்ஸ்தான்.

சரி, மாவுக்கு வருவோம். இந்தியச் செய்முறைகளில் மைதா என்று இருப்பது, நம் கடைகளில் கோதுமை மாவு என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை மாவு. ஆட்டா மாவை எடுத்துவிடாதீர்கள். இந்த வெள்ளை மாவில் தண்ணீர் பட்டுக் கலக்கக் கலக்க குளூட்டன் என்ற புரத வலை உண்டாகும். ரொட்டி சானாய்க்கு அது வேண்டும், அதனால்தான் மாவைப் பிசைந்து ஊறவைத்து வீசுகிறோம். வாஃபிளுக்கு அது வேண்டாம். வலை இறுகினால் கடிக்கும்போது ரப்பர் மாதிரி இழுக்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, குறைவாகக் கலக்குவது. சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தால் பரவாயில்லை, வேகும்போது கரைந்துவிடும். இரண்டாவது, மாவில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சோள மாவு, அதாவது வெள்ளையான கார்ன்ஃபிளவர் சேர்ப்பது. பஜ்ஜி மாவில் ஒரு கை அரிசி மாவு போட்டால் மேலே முறுகும் என்று அம்மா சொல்வார், அதே சூட்சுமம். சோள மாவிலும் அரிசி மாவிலும் குளூட்டன் இல்லை, காய்ந்ததும் கண்ணாடி மாதிரி உடையும். அரிசி மாவு போட்டுப் பார்த்தேன். மொறுமொறுப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் முறுக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. சோள மாவின் நொறுக்கு மெல்லியது, அதுதான் டைனர் வாஃபிளுக்குக் கிட்டே வருகிறது.

கொழுப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். எண்ணெயில் தண்ணீரே கிடையாது. எண்ணெய் ஊற்றினால் மேல்தோல் சுலபமாகக் காயும், வெண்ணெய் போட்டால் ருசி வரும். நான் பாதிக்குப் பாதி சேர்க்கிறேன். மோர் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளைப் பார்த்துத் தயங்க வேண்டாம். வீட்டுத் தயிரைப் பாலில் அடித்துக்கொண்டால் போதும். தயிரின் புளிப்பு சமையல் சோடாவோடு சேர்ந்து வாயு உண்டாக்கும். பால் பொடி வாங்கிக் கலக்குகிறவர்கள் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் விட்டாலும் அதே பலன்.

முட்டையைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். அவசரத்துக்கு வேண்டாம். ஆனால் பஞ்சு மாதிரி வேண்டும் என்றால் பிரிப்பதற்கு ஈடு இல்லை. வெள்ளைக்கருவை அடித்தால் அதன் புரதம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முன்னே சொன்ன குமிழிகள் கைவசம் தயாராக வந்துவிடும். கரண்டியைத் தூக்கினால் நுனி மெதுவாக வளையும் வரை அடித்தால் போதும். அதற்கு மேல் அடித்தால் நுரை உலர்ந்து திரிதிரியாகப் பிரியும், மாவோடு சேராது.

ஐந்தாறு வாஃபிளுக்கு என் அளவு இது. வெள்ளைக் கோதுமை மாவு 150 கிராம், சோள மாவு 50 கிராம், ஹார்லிக்ஸ் இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் பால் 200 மில்லி, தயிர் 100 மில்லி, இரண்டு மஞ்சள் கரு, எண்ணெயும் உருக்கிய வெண்ணெயும் சேர்த்து 80 மில்லி. ஈரமானதை உலர்ந்ததில் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்று கலக்கி அப்படியே கால் மணி நேரம் விடுங்கள், மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக அடித்த வெள்ளைக்கருவை இரண்டு தடவையாகப் போட்டு, கரண்டியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து மடிப்பது போலச் சேருங்கள். அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். சீனியை மட்டும் கூட்டாதீர்கள். கூட்டினால் உள்ளே காயும் முன்பே வெளியே கருகும், ஆறிய பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இனிப்பை மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

தங்கை மகள் செய்த பெரிய தவறு மாவில் இல்லை, அச்சில். சூடேறியதைக் காட்டும் விளக்கு எரிந்த உடனே ஊற்றியிருக்கிறாள். டைனர்களில் இருப்பது கனமான உலோக வார்ப்பு. குளிர்ந்த மாவை ஊற்றினாலும் அதன் சூடு அவ்வளவாக இறங்காது. வீட்டு அச்சின் தகடு மெல்லியது, மாவு பட்டதும் சூடு சட்டென்று இறங்கிவிடும். விளக்கு எரிந்தாலும் தகடு முழுவதும் சமமாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் மூடியே வைத்திருங்கள். ஒவ்வொரு வாஃபிளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் இடைவெளி விடுங்கள். எண்ணெயைத் தூரிகையால் மெலிதாகத் தடவினால் போதும். டின்னில் வரும் ஸ்பிரேயில் இருக்கும் லெசித்தின் நாள்பட்டுப் பிசின் மாதிரி தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து அச்சு கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட், நம் வீடுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மின்னழுத்தம் இரட்டித்தால் சூடாக்கும் கம்பியில் பாயும் சக்தி நான்கு மடங்காகும். பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் அச்சு நிமிடத்தில் புகைந்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

மாவை ஊற்றி மூடியதும் ஓரங்களிலிருந்து ஆவி குபுகுபுவென்று வரும். அந்த நேரத்தில் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். திறக்காதீர்கள். மேல்தோல் இறுகியிருக்காது, மேல் பாதி ஒரு தகட்டிலும் கீழ் பாதி இன்னொரு தகட்டிலும் ஒட்டி இரண்டாகக் கிழியும். ஆவியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மூன்று நிமிடத்துக்குப் பிறகு மெலியத் தொடங்கும். நான்கு, ஐந்து நிமிடத்தில் ஒரு நூல் மாதிரி ஆகி நின்றுபோகும். அதற்குப் பிறகு இன்னும் அரை நிமிடம் விட்டுத் திறந்தால், தானாகவே தகட்டைவிட்டு எழும்பி நிற்கும். அச்சில் இருக்கிற மணியும் விளக்கும் சொல்வதைவிட இந்த ஆவி சொல்வதை நான் நம்புகிறேன். அச்சுக்கு உள்ளே இருக்கிற மாவின் ஈரம் விளக்குக்குத் தெரியாது.

எடுத்ததும் தட்டில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது, கெடுவதும் அங்கேதான். சுடச்சுட இருக்கும் வாஃபிளுக்குள் இன்னும் ஆவி இருக்கும். கீழே பீங்கான் தட்டு இருந்தால் ஆவி அதில் பட்டு நீராகி அடிப்பக்கத்தை ஊறவைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இன்னும் மோசம். பசார் மாலாம் காகிதப் பையில் நடப்பதும் இதுவே. மடித்ததில் பாதி ஆவி நடுவில் மாட்டிக்கொள்கிறது, மீதி பைக்குள் சுற்றுகிறது. கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வைத்தால் ஆவி நாலாபக்கமும் போய்விடும். கம்பித் தட்டு இல்லையென்றால் அச்சு முறுக்கு வடியவிடும் கண் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம், அல்லது இரண்டு வாஃபிளைக் கூடாரம் மாதிரி சாய்த்து நிறுத்தலாம்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய செய்முறையில் மேசைமேல் அரை மணி நேரம் மொறுமொறுப்பாக இருக்கும் என்றால், இங்கே அதில் பாதியைத்தான் நம்பலாம். சின்ன ஓவன் இருந்தால் 100 டிகிரியில் கம்பித் தட்டோடு உள்ளே வைத்து, கதவை ஒரு விரற்கடை திறந்து விடுங்கள். ஓவன் இல்லாத வீட்டில், எல்லாம் சுட்டு முடித்த பிறகு ஒவ்வொன்றையும் திரும்ப அச்சில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் புதிதுபோல ஆகிவிடும். மிஞ்சியதை நன்றாக ஆறவைத்து உறையறையில் போட்டுக்கொள்ளலாம். வேண்டும்போது உருகவிடாமல் நேரே டோஸ்டரில் போடுங்கள்.

ஈஸ்ட் போட்டு இரவே கரைத்து வைக்கும் முறையும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் வாஃபிளின் வழி அது, புளிப்பு கலந்த மணம் அருமையாக இருக்கும். ஆனால் மேசைமேல் விட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் சூட்டில் இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கரைத்து ஒரு மணி நேரம் வெளியே, அப்புறம் விடியும் வரை குளிர்பெட்டியில்.

மேப்பிள் சிரப் எங்கள் ஊரில் விலை அதிகம். கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சினால் அதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. எதை ஊற்றினாலும் சாப்பிடும் நேரத்தில் ஊற்றுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாஃபிளோடு கோழியைச் சாப்பிடும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. நியூயார்க்கின் ஹார்லெமில் 1938இல் தொடங்கிய வெல்ஸ் உணவகம் பொரித்த கோழியும் வாஃபிளும் கொடுத்தே பேர் வாங்கியது. சீனியைக் குறைத்துச் சுட்ட வாஃபிளை நேற்றைய கோழிக் குழம்போடு வைத்துப் பாருங்கள். குழிகளில் குழம்பு தேங்கி, சுவர்கள் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் மறுபடி சுட்டாள். நான் பக்கத்தில் நின்றேனே தவிர கை வைக்கவில்லை. முதல் வாஃபிளுக்கு விளக்கு எரிந்ததும் கை மூடிக்குப் போனது, ஓரத்தில் இன்னும் ஆவி வருவதைப் பார்த்துவிட்டுத் தானே கையை எடுத்துக்கொண்டாள். ஆவி நின்றது. ஒரு மூச்சு விட்டுத் திறந்தாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஒரு துண்டு ஒடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா கடித்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

"இன்னொன்னு ஊத்து" என்றார் அம்மா.